மதியப் பொட்டலம்

பிப்ரவரி 5, ஞாயிறு

எடை: 45 கிலோ 200.

இந்த டைரி என் மகள் வாணி கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்தது. அம்மாவின் எடையை ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று இல்லாமல் போய்விட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்து மூன்று வருடம் நின்றவன் நான். இன்றைக்கும் கடைவீதியில் என்னைச் சென்னியப்பன் என்று யாரும் கூப்பிடுவதில்லை, கம்பவுண்டர்தான். என் பெண்டாட்டி பூவாத்தாளும் கலியாணமான நாளிலிருந்து பிறரிடம் பேசும்போது 'எங்க கம்பவுண்டர்' என்றுதான் சொல்வாள்.

அவளுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அறுபத்தொன்பது வயது. சாப்பாடுதான் பெரிய பாடாக இருக்கிறது.

பிப்ரவரி 8, புதன்

டாக்டரிடம் போனோம். போன ஆவணியில் 49 கிலோ இருந்தாள், இப்போது 45 என்றேன். இந்த நோயில் அப்படித்தான் சார் இறங்கும் என்றார். நாற்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டிவரும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவருக்கு அது பேச்சுவாக்கு. நான் அந்தக் குழாயைப் பார்த்தவன். பிடுங்கிவிடக் கூடாது என்று கட்டிலோடு கையைக் கட்டி வைப்பார்கள். பூவாத்தாளுக்கு அது நடக்கக் கூடாது. இந்த டைரியின் வேலை அது ஒன்றுதான்.

கிளம்பும்போது மறதி மாத்திரையின் அளவைக் கூட்டித் தரச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"பசி கொறையலாம் சார், வாந்தி வரலாம். இப்ப இருக்கறதே போதுமே."

போதாது என்றேன். முந்தாநாள் சாயங்காலம் அவள் என்னைப் பார்த்து 'யாருங்க வேணும்?' என்று கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. நானும் இந்தத் துறைக்காரன் என்பதால் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு மடங்கு.

பிப்ரவரி 12, ஞாயிறு

44 கிலோ 600. காலையில் இரண்டு முறை வாந்தி. பக்கத்து வீட்டார் கொடுத்த, பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய ஒப்புட்டு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வெளியார் கொடுப்பதை இனிமேல் வாங்கக் கூடாது என்று தங்கமணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தங்கமணி ஒரு வருடமாக இங்கே இருக்கிறாள். காலை எட்டுக்கு வந்தால் மாலை ஐந்து வரை. பூவாத்தாளைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, பேச்சுக் கொடுப்பது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பிப்ரவரி 17, வெள்ளி

மாத்திரையை வாயில் வைத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறாள். நான் திரும்பியதும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள். இன்று படுக்கையை உதறியபோது ஏழு மாத்திரை விழுந்தது. இந்த வயதில் என்னோடு கண்ணாமூச்சி ஆட்டம்.

நானா விடுவேன். பரணிலிருந்து மருந்து பொடிக்கும் பீங்கான் கல்வத்தை இறக்கினேன். நான் ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தது. எல்லா மாத்திரையையும் பொடியாக்கி, சந்தகைக்கு ஊற்றும் தேங்காய்ப்பாலில் வெல்லத்தைக் கூடப் போட்டுக் கலந்தேன். சந்தகையும் தேங்காய்ப்பாலும் என்றால் அவளுக்கு உயிர். நன்றாக இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் மாவை வேகவைத்து இடியாப்பம் போலப் பிழிந்துவிடுவாள். நான் ஒன்று தின்றால் அவள் மூன்று தின்பாள். ஒரு தம்ளர் பாலை மிச்சமில்லாமல் குடித்தாள்.

பொடிக்கக் கூடாத மாத்திரை ஒன்றிரண்டு அதில் உண்டு. தெரியும். ஜன்னலில் நின்று ஆயிரம் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் வீட்டில் கம்பவுண்டர் இல்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

43 கிலோ 900.

பிப்ரவரி 24, வெள்ளி

விளக்கு வைத்ததும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுகிறாள். இன்று என் முன்னால் வந்து நின்று கேட்டாள்.

"ஏனுங்க, எங்க கம்பவுண்டர் இன்னும் வல்லீங்களா?"

"நாந்தான் பூவு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இல்லீங்க. அவரு ஒசரமா இருப்பாருங்க. தலமுடி கருகருன்னு இருக்கும்."

மறுபடியும் வாசலுக்குப் போனாள். அரை மணி நேரத்தில் பதினோரு முறை அதே கேள்வி. நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவனை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, வேறு ஒருவனுக்காக வழி பார்க்கிறாள். அந்த வேறு ஒருவன் நானேதான் என்பதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. இது நோய் என்று தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தவனுக்கும் வலிக்கும்.

பிப்ரவரி 27, திங்கள்

மாலைக்கு ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். ஆறரைக்கெல்லாம் தூங்கிவிட்டாள். கேள்வி இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுப்ப மனம் வரவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

42 கிலோ 700. காலையிலும் அசதியாகவே இருக்கிறாள். வெயில் ஏறிவிட்டது, அதனால்தான். மாலை ஏற்பாடு தொடர்கிறது.

மார்ச் 7, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் தேங்காய்ப்பாலை எடுத்துக்கொண்டு போனேன். தம்ளரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கையால் தட்டிவிட்டாள். சட்டையெல்லாம் பால். சரி, நோயாளி. அடுத்து இட்லி. வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். கெஞ்சினேன். மிரட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மதியம் கடைக்குப் போய்விட்டு வந்தவன் கொல்லைப்புற வழியாக நுழைந்தேன். தங்கமணி அரிசியும்பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து உருண்டை வரை எண்ணினேன். இடையில் சிரிப்பு வேறு. என்னைக் கண்டதும் வாய் மூடிக்கொண்டது.

நேற்று வந்தவள் கையில் அமிர்தம், என் கையில் என்ன இருக்கிறது? இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் தோன்றுகிறது.

மார்ச் 9, வியாழன்

அழுது பயனில்லை. வேலையைப் பிரித்துவிட்டேன்.

பழைய ஆஸ்பத்திரி முறைப்படி பொடிகளைக் காகிதத்தில் மடித்துப் பொட்டலம் கட்டுகிறேன். என் மடிப்பு இன்னும் பிசகவில்லை. காலைப் பொட்டலத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும். மறதி மாத்திரையை மதியத்துக்கு மாற்றிவிட்டேன். மதியம் தங்கமணி ஊட்டுவதால் அது சிந்தாமல் உள்ளே போகும். மாலையில் மறுபடி சர்க்கரைக்கு ஒன்று, பிறகு ஏற்பாடு. காலையும் மாலையும் என் பொறுப்பு. மதியப் பொட்டலத்தைத் தேங்காய்ப்பாலில் கலந்து கொடுத்துவிட்டு, பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் டிக் போட வேண்டும் என்று தங்கமணியிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மார்ச் 12, ஞாயிறு

42 கிலோ 100.

மார்ச் 13, திங்கள்

தங்கமணி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்னென்னங்கய்யா இருக்குது?" என்று கேட்டாள்.

"நீ என்ன இன்ஸ்பெக்டரா?"

"அதுக்கில்லீங்க. அம்மா பாலைப் பாத்தாலே மொகத்தத் திருப்பிக்கறாங்க. மிச்சமானா குப்பைல போட்டறலாங்களா?"

மருந்தைக் குப்பையில் போடக் கூடாது, ஆடு மாடு தின்றுவிடும், சாக்கடையிலும் ஊற்றக் கூடாது என்று பத்து நிமிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். படிப்பில்லாவிட்டாலும் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறவள்.

மார்ச் 19, ஞாயிறு

42 கிலோ 100. இறங்கவில்லை. பொட்டலம் வேலை செய்கிறது. அட்டவணையில் ஒரு நாள் விடாமல் டிக்.

மார்ச் 26, ஞாயிறு

42 கிலோ 500. நானூறு கிராம் ஏற்றம். வாணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தக் காலத்துக் கம்பவுண்டர் வைத்தியம் எப்படி என்று கேட்டேன். "நல்லதுங்கப்பா" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள். அவளுக்கு அம்மா மேல் அக்கறை குறைந்துகொண்டே வருகிறது.

மார்ச் 27, திங்கள்

தாராபுரத்தில் அண்ணன் தவறிவிட்டார். நாலு நாளாவது இருந்தாக வேண்டும். வாணி லீவு போட்டுவிட்டு வருகிறாள். நாலு நாளுக்கு மூன்று வேளைப் பொட்டலம், மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் மேலும் தேதியும் வேளையும் எழுதி வைத்தேன்.

ஏப்ரல் 1, சனி

காலையில் திரும்பினேன். முன் அறையில் பூவாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்து வேகவைத்த நிலக்கடலையை உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளாகவே. தங்கமணியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நாலு நாளும் அம்மா நன்றாகச் சாப்பிட்டாள் என்று சொல்லிவிட்டு வாணி அவசரமாக பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பூவாத்தாள் என்னைப் பார்த்ததும் கடலைக் கிண்ணத்தை மடியில் மறைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

43 கிலோ 300. ஒரே வாரத்தில் எண்ணூறு கிராம். மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்திப் பார்த்தேன். அதே அளவு.

ஏப்ரல் 3, திங்கள்

இதை எழுதுவதே கோபத்தில்தான்.

தங்கமணி குளியலறையில் பூவாத்தாளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொள்ளு ஊற வைக்கலாம் என்று அலமாரியின் கீழ்த்தட்டில் டப்பாவைத் தேடினேன். டப்பாவுக்குப் பின்னால் ஒரு காலி ஊறுகாய் பாட்டில். உள்ளே காகிதம். என் மடிப்பு எனக்குத் தெரியாதா. தரையில் கொட்டினேன். இருபத்தெட்டுப் பொட்டலம். மார்ச் 14 முதல் நேற்று வரைக்கும் ஒரு மதியப் பொட்டலம் பாக்கியில்லை. நான் ஊரில் இல்லாத நாலு நாளுக்குக் காலை, மதியம், மாலை எல்லாமே. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அட்டவணையில் அத்தனை நாளும் டிக்.

தங்கமணி ஈரக் கையோடு வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"இதென்ன?"

"குப்பைல போடக் கூடாதுன்னு நீங்கதானுங்கய்யா சொன்னீங்க. அதான் சேத்து வெச்சனுங்க."

"எதுக்குக் கொடுக்கல?"

"அன்னிக்கு ஒரு நாளு அந்தப் பாலை நானே ஒரு வாய் குடிச்சுப் பாத்தனுங்க. எட்டிக்காயாட்டம் கசந்துதுங்க. எத்தன வெல்லம் போட்டும் அந்தக் கசப்பு போகலீங்க. அம்மா என்ற மொகத்தவே பாத்துட்டு இருந்தாங்க. நீயுமான்னு கேக்கறாப்புல இருந்துதுங்க. அப்பறம் எனக்குக் கை வல்லீங்க."

"நீ டாக்டரா? பிரஷர் மாத்திரையை நாலு நாள் நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? செத்துப்போயிருந்தா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வாணியம்மாகிட்டச் சொல்லிட்டுத்தானுங்க செஞ்சேன்" என்றாள்.

உடனே வாணிக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்கப்பா. தங்கமணிதான் எங்கிட்டச் சொல்லி அழுதாங்க. உங்ககிட்டச் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அம்மா நாலு நாளா எப்படிச் சாப்டாங்க தெரியுங்களா?"

"என் பின்னாலயே ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு ஆடியிருக்கீங்க."

"அப்பா, கொஞ்சம் நான் சொல்றத..."

வைத்துவிட்டேன். தங்கமணியை நாளை முதல் வர வேண்டாம் என்று சொன்னேன். பூவாத்தாளுக்குத் தலை துவட்டிவிட்டு, பொட்டு வைத்துவிட்டு, அப்புறம்தான் போனாள். போகும்போது பூவாத்தாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

முப்பத்து மூன்று வருடத்தில் என் ஜன்னலில் வாங்கிய மருந்தை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. என் வீட்டில், என் பெண்டாட்டிக்கு, என் மகளே. இன்று யாரோடும் பேசவில்லை. மூன்று வேளையும் நானே.

ஏப்ரல் 9, ஞாயிறு

42 கிலோ. தங்கமணி இல்லாத ஏக்கம், வேறொன்றும் இல்லை. சரியாகிவிடும்.

ஏப்ரல் 12, புதன்

வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். மூக்கைப் பிடித்தேன். மூக்கைப் பிடித்தால் வாய் திறந்துதானே ஆக வேண்டும்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை முதல் தேதி. ஒப்புட்டு வாங்கி வந்தேன். மருந்து எதுவும் கலக்காத வெறும் ஒப்புட்டு. என் கையிலிருந்து வாங்கி, முகர்ந்து பார்த்து, ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

40 கிலோ 100.

எடை பார்த்து இறங்கும்போதே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 58. உதட்டுக்குள் சர்க்கரையைத் தடவிக்கொண்டே இருந்தேன். கால் மணி கழித்துக் கண் திறந்தாள். வாணிக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மதியத்துக்குள் வந்துவிட்டாள்.

"நாலு நாளா சோறே எறங்கல. சக்கர மாத்திர மட்டும் எப்படிங்கப்பா எறங்குச்சு?"

மருந்து கொடுக்கிறவனின் வேலை மருந்து கொடுப்பது.

ஏப்ரல் 17, திங்கள்

ஈரோட்டில் வயதானவர்களை மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார், பெயர் ஜெசிந்தா. வாணி ஏற்பாடு செய்திருந்தாள். என் மகளைவிடச் சின்னவர். வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மேஜை மேல் வரிசையாக அடுக்கினார். பதினொன்று.

"எடை எழுதி வெச்சிருக்கீங்களா சார்?"

பெருமையாகத்தான் இந்த டைரியை நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, எடையை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். அப்புறம் தாளை என் பக்கம் திருப்பினார்.

"பிப்ரவரி எட்டாம் தேதி டோஸ் ரெண்டு மடங்கு ஆகுது. அதுல இருந்து எறங்கிட்டே வருது. மார்ச் பதினாலுல இருந்து மதிய மருந்து உள்ள போகல. நிக்குது, அப்பறம் ஏறுது. ஏப்ரல் நாலுல இருந்து மறுபடி எல்லாம் உள்ள போகுது. ரெண்டே வாரத்துல மூணு கிலோ. நான் எதுவும் சொல்ல வேண்டாம் சார். நீங்களே எழுதியிருக்கீங்க."

என் கையெழுத்துதான். எனக்கு விரோதமாக நானே சாட்சி எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் வாணியையும் விடவில்லை. "பிரஷர், சுகர் மாத்திரைய நீங்களா நிறுத்துனதும் தப்புங்க. பழைய டாக்டருக்கு ஒரு போன் பண்ணிருக்கணும்" என்றார். வாணி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஒரு நொடி மகிழ்ச்சியாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் அவர் விரல் மார்ச் ஐந்தாம் தேதியில் நின்றது.

"மாலை ஏற்பாடுன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன சார்?"

பழைய டாக்டர் கொடுத்தது என்று சொன்னேன். சீட்டைப் புரட்டினார். அதில் இல்லை. வாணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

மறதி மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திவிட்டார். சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பதினொன்றில் நாலுதான் மிச்சம். அதையும் பொடிக்கக் கூடாது, சாப்பாட்டில் கலக்கவே கூடாது. வாங்கிக்கொண்டால் கொடுங்கள், வேண்டாம் என்றால் எனக்குப் போன் செய்யுங்கள் என்றார். இரண்டு வாரம் தவணை. அதற்குள் வாயால் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் குழாயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 18, செவ்வாய்

நேற்று அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அது தூக்க மாத்திரை. எனக்காக எப்போதோ வாங்கி வைத்திருந்தது. முதலில் பாதி, பிறகு முழுசு. பிப்ரவரி 27 முதல் ஏப்ரல் 15 வரை ஒவ்வொரு மாலையும், ஊரில் இல்லாத நாலு நாள் தவிர. அவள் தூங்கவில்லை என்று கொடுக்கவில்லை. எங்க கம்பவுண்டர் வந்துட்டாரா என்று என்னிடம் கேட்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டை அவள் தூக்கத்திலேயே இழந்தாள். காலையில் வாய் உலர்ந்து, விழுங்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள். வெயில் என்று எழுதினேன். மறதி மாத்திரையைக் கூட்டச் சொன்னதும் அவளுக்காக இல்லை. அவளுக்கு என்னை ஞாபகம் இருக்க வேண்டும் என்பதற்காக.

பாட்டிலில் இருந்த ஒரு மதியப் பொட்டலத்தைப் பிரித்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். எத்தனை லட்சம் மாத்திரை இந்தக் கை வழியாகப் போயிருக்கும். ஒன்றையாவது ருசி பார்த்ததில்லை. அரை மணி நேரம் வாய் கொப்பளித்தும் போகவில்லை. இதைத்தான் அவளுக்கு உயிரான பாலில் கலந்து கொடுத்திருக்கிறேன். அவள் வாயை மூடிக்கொண்டது மறதியால் இல்லை. ஞாபகம் இருந்ததால்.

எல்லோரும் எனக்குத் துரோகம் செய்ததாக இந்த டைரி முழுக்க எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடிக்க மனமில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 19, புதன்

தங்கமணி வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைக்கவில்லை; நாற்காலி போட்டாள். தப்பு என் மேல் என்று சொல்ல ஒரு தம்ளர் மோர் குடிக்கும் நேரம் ஆயிற்று.

"அதெல்லாம் உடுங்கய்யா. திங்கக்கெழமையில இருந்து வர்றேன். வெளிய ஒரு எடத்துல ஒத்துக்கிட்டேன், ஞாயித்துக்கெழம வரைக்கும் உட முடியாதுங்க. அம்மா திங்கறாங்களா?"

"இல்ல."

"நீங்க மொதல்ல அவங்க முன்னால உக்காந்து தின்னுங்க. அவங்க பாக்கட்டும். ஊட்டறக்குப் போகாதீங்க."

முப்பத்து மூன்று வருட அனுபவத்தோடு, தங்கமணியிடம் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

வாணி மாவை வேகவைத்துக் கொடுத்தாள், நான் சந்தகை பிழிந்தேன். பாதி நூல் அறுந்து அறுந்து விழுந்தது. தேங்காயைத் துருவிப் பால் எடுத்து, வெல்லம் போட்டேன். கல்வத்தைக் காலையிலேயே வாணியிடம் கொடுத்து, எடுத்துக்கொண்டு போய்விடு என்று சொல்லிவிட்டேன்.

பூவாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது. எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரே தட்டு. நடுவில் வைத்தேன். அவளிடம் எதுவும் சொல்லாமல் நான் ஒரு வாய் தின்றேன். தம்ளரிலிருந்து ஒரு மடக்குக் குடித்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோகும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு மாதமாக அவள் என்னைத் தொட்டதில்லை. முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, வாணிக்குக் கேட்கக் கூடாது என்பதைப் போல மெதுவாகச் சொன்னாள்.

"திங்காதீங்க."

"ஏனுங்க?"

"இந்த ஊட்டுல ஒரு கம்பவுண்டர் இருக்கறாருங்க. சோத்துல என்னமோ கலக்கறாரு. நல்லவராட்டமே இருப்பாரு. நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது."

அடுப்படி வாசலில் நின்றிருந்த வாணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூவாத்தாளின் கை என் மணிக்கட்டிலேயே இருந்தது. யாரோ ஒரு ஆளுக்காக அவள் பயந்துகொண்டிருந்தாள். பசியோடு இருக்கிறவள், முன்பின் தெரியாதவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

"அவரு இப்ப இல்லீங்க," என்றேன். "அனுப்பிப்போட்டாங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க. இனி வர மாட்டாருங்க. இது எல்லாம் நான் பிழிஞ்சது. பாருங்க, நானே திங்கறேன்."

இன்னொரு வாய் தின்று, வாயைத் திறந்து காட்டினேன். வெகு நேரம் யோசித்தாள். அப்புறம் தட்டிலிருந்து ஒரு நூலை இரண்டு விரலால் எடுத்து, பாலில் தொட்டு, நாக்கு நுனியில் வைத்தாள். காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். கசப்பு வரவில்லை என்று தெரிந்ததும் ஒரு பிடி எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். பிறகு என் கையிலிருந்தே நாலு வாய் வாங்கிக்கொண்டாள். தம்ளரில் பாதிக்கு மேல் குடித்தாள்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிக்கிற மரியாதையோடு கேட்டாள்.

"உங்க பேரென்னங்க?"

சென்னியப்பன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"தங்கமணி அனுப்புச்ச ஆளுங்க," என்றேன்.

"அப்பச் சரி," என்று இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தாள்.